ரெக்ஸினில் நாலு துளை

மஞ்சுநாத் வயர் இழுப்பான், சுவிட்ச் வாங்கித் தருவான், ஹாரன் கனெக்‌ஷனைப் பிரித்து எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் வைப்பான். ஓட்டை மட்டும் போடமாட்டான். பெங்களூர் அடுகோடியில் அவனுடைய கார் எலக்ட்ரிக் கடை வாசலில் வேதநாயகி பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை காலையெல்லாம் உட்கார்ந்திருந்தது அந்த ஓட்டைக்காகத்தான்.

"மேடம், நீங்க என்ன வேணா சொல்லுங்க. டேஷ்போர்டுல ஓட்டை விழுந்தா வண்டி ரீசேல் போச்சு. நாளைக்கு சார் வந்து, யாரைக் கேட்டு போட்டேன்னு என்னைத்தான் கேப்பாரு."

"கார் என் பேருல இருக்கு, மஞ்சுநாத்."

"இருக்கட்டும். சார்கிட்ட ஒந்து மாத்து கேட்டுடுங்க. ஒரே ஒரு வார்த்தை. அவர் சரின்னா இப்பவே வரேன்."

"அவர் சரின்னு சொல்லமாட்டாரு."

"அப்ப நான் எப்படி மேடம் போடறது?"

"சரி. ஓட்டை இருந்தா வயர் இழுப்பியா?"

"ஓட்டை இருந்தா எனக்கென்ன. இருக்கற ஓட்டையில சுவிட்ச் மாட்டறது என் வேலை."

"அப்ப நாளைக்கு மத்தியானம் வா. ஓட்டை இருக்கும்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

மூன்று சுவிட்சுகளையும் ஒரு கவரில் போட்டு வாங்கிக்கொண்டு ஆட்டோ ஏறினாள். ஒன்று இண்டிகேட்டருக்கு; இந்தப் பக்கம் தள்ளினால் இடது, அந்தப் பக்கம் தள்ளினால் வலது, நடுவில் விட்டால் ஒன்றுமில்லை. ஒன்று ஹெட்லைட்டை ஏற்றி இறக்க. மூன்றாவது, ஹாரனுக்கு ஒரு பொத்தான்.

இதெல்லாம் எதற்கென்றால், போன மழைக்காலத்தில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் வேதநாயகியின் வலது மேல்கை எலும்பு முறிந்து, கூடவே ஒரு நரம்பும் நசுங்கிவிட்டது. எலும்பு கூடிவிட்டது. நரம்பு பாதி வழிதான் திரும்பி வந்தது. இப்போது அந்தக் கையால் ஒன்றைப் பிடிக்க முடியும். விரலை நிமிர்த்தி ஒன்றைத் தட்ட முடியாது. பிடித்ததைச் சட்டென்று விடவும் முடியாது. மணிக்கட்டுக்கு ஒரு பட்டை கட்டிக்கொண்டால் ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம். அதற்கென்று ஒரு குமிழும் ஸ்டியரிங்கில் மாட்டியாயிற்று. கியர் இடது கைக்கு. ஆனால் வலது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த இண்டிகேட்டர் குச்சியைத் தட்ட ஆளில்லை.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் இன்ஸ்பெக்டர் நல்ல விதமாகத்தான் பேசினார். "இண்டிகேட்டர், லைட், ஹாரன் எல்லாம் இடது கைக்கு மாத்திக்கிட்டு வாங்க. என் முன்னாடி ஓட்டிக் காட்டுங்க. லைசென்ஸ்ல எழுதிக்கலாம்" என்று சொல்லி, வருகிற செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருந்தார்.

அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. அன்றைக்குக் காரைப் பார்க்க ஒருவர் வருகிறார். அது அவள் கணவர் உத்தமன் செய்த ஏற்பாடு.

உத்தமன் ஒரு பெரிய கம்பெனி கட்டிடத்தில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவர் எந்தப் பொருளையும் தனக்காக வைத்திருந்ததில்லை. பின்னால் அதை வாங்கப் போகிறவனுக்காகத்தான் வைத்திருந்தார். டிவி ரிமோட்டுக்கு இன்னும் கம்பெனி பிளாஸ்டிக் கவர். பிரிட்ஜ் கதவில் வந்த ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது. காரை வாங்கும்போதே அதற்கு முந்தைய சொந்தக்காரர், வெயிலில் வெடித்துப்போன டேஷ்போர்டுக்கு அடியில் ஸ்பாஞ்ச் வைத்து மேலே பழுப்பு ரெக்ஸின் இழுத்து ஒட்டிக் கொடுத்திருந்தார். அந்த ரெக்ஸின் வெளிறிவிடக்கூடாது என்று உத்தமன் அதன்மேல் ஒரு டர்க்கி டவலை விரித்தார். "விக்கும்போது தெரியும்" என்பார். விற்பதாக அப்போது யாருக்கும் எண்ணமே இல்லை.

வேதநாயகி ஆம்பூர் பக்கத்துக்காரி. பை தைக்கிற கம்பெனியில் கட்டிங் டேபிளில் நின்றே வளர்ந்தவள். ஈஜிபுராவில் குடியிருக்கும் வீட்டின் முன்னறையில் இப்போது சொந்தமாக ஸ்கூல் பைக்கும் டிபன் பைக்கும் ரெக்ஸின் வெட்டுகிறாள். தைப்பது சந்தாபுராவில், நாலைந்து வீட்டுப் பெண்கள். வெட்டிய துண்டுகளை ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்து, தைத்த பைகளை ஏற்றிக்கொண்டு வருவது அவளும் அந்தச் சின்ன ஆல்ட்டோவும். ஹோசூர் ரோட்டின் நெரிசலில் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தனியாக உட்கார்ந்திருக்கிற அந்த நேரம் அவளுக்கு மிகவும் பிடிக்கும். அதை யாரிடமும் சொன்னதில்லை. டிராபிக்கைப் பிடிக்கும் என்று பெங்களூரில் யாரிடம் போய்ச் சொல்வது?

விழுந்த பிறகு எல்லாம் கூட்ஸ் ஆட்டோவில் போயிற்று. உத்தமன் அதைப் பழக்கப்படுத்திவிட்டார். பிறகு ஒரு நாள் சோறு பிசைந்துகொண்டே, "காரு சும்மா நிக்குது வேதா. நிக்கற வண்டிக்கு விலை இறங்கிக்கிட்டே போகும்" என்றார். அதற்கு அடுத்த வாரம் ஆளைப் பிடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை சுவிட்சோடு வீட்டுக்கு வந்ததும், ஓட்டை போடாமல் முடியுமா என்று வேதநாயகி ஒருமுறை பார்க்காமல் இல்லை. ரெண்டு பக்கம் பசையுள்ள டேப்பை வைத்து, மூன்று சுவிட்சுகளையும் ஒரு பட்டையில் பொருத்தி, டேஷ்போர்டின்மேல் ஒட்டி வைத்தாள். ஒரு மத்தியான வெயிலுக்கு டேப் இளகியது. ஹாரன் பொத்தான் பட்டையோடு பிய்ந்து மடியில் விழுந்தது. நின்றுகொண்டிருந்த காரில்தான். ஓடுகிற காரில் விழுந்திருந்தால், செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டர் பக்கத்தில் இருக்கும்போது விழுந்திருந்தால்? ஒட்டியது உரியும். ரெக்ஸினோடு புழங்கியவளுக்கு இதை ஒருவர் சொல்ல வேண்டியதில்லை.

சனிக்கிழமை உத்தமன் காலை ஷிப்டுக்குப் போனதும், வீட்டுக்காரம்மா லட்சுமம்மாவிடம் டிரில் மிஷினும் நீளமான எக்ஸ்டென்ஷன் வயரும் வாங்கிக்கொண்டு காருக்குப் போனாள். சுவரில் சாமி படம் மாட்ட லட்சுமம்மா வீட்டில் வைத்திருக்கிற மிஷின் அது. மிஷினைக் கொடுத்தவர் அதோடு விடாமல், காபி டம்ளரை எடுத்துக்கொண்டு வந்து கார் கதவோரம் நின்றுகொண்டார்.

"ஏனம்மா, காருக்குக் காது குத்தறியா?"

"ஆமாங்கம்மா."

"தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தானே குத்துவாங்க. மாமன் எங்கே?"

"டூட்டிக்குப் போயிருக்காரு. வர்றதுக்குள்ள குத்திடணும்."

லட்சுமம்மாவுக்குக் காபி புரையேறியது.

வேதநாயகி முதலில் பேட்டரி வயரைக் கழற்றினாள். பிறகு ரேடியோவை வெளியே இழுத்து வைத்துவிட்டு, அந்தப் பொந்துக்குள் போன் டார்ச்சை அடித்து டேஷ்போர்டின் பின்பக்கத்தைப் பார்த்தாள். ஏசி காற்று போகிற கறுப்பு பிளாஸ்டிக் குழாய் ரேடியோவை ஒட்டினாற்போல் மேலே ஏறிப் போனது. ஆகவே ரேடியோவுக்குப் பக்கத்தில் நாலு விரல் இடம் விட்டுவிட வேண்டும். அதற்கு அப்புறம் ஸ்டியரிங் வரைக்கும் பின்னால் காலியாக இருந்தது. மூன்று துளைகளும் அங்கேதான்.

காரிலேயே உட்கார்ந்து ஒரு அட்டைப் பட்டையை வெட்டினாள். ஒரு முனை ரேடியோ ஓரத்தில் முட்டி நிற்க வேண்டும். அந்த முனையிலிருந்து நாலு விரல் வெறுமையாக விட்டு, மூன்று வட்டம் போட்டாள். அட்டையின் முகத்தில் பேனாவால் 'மேல்' என்று எழுதினாள். பை வேலையில் எந்த பேட்டர்னாக இருந்தாலும் அவள் அப்படித்தான் எழுதுவாள்.

ரெக்ஸினின்மேல் காகித டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டி, அதன்மேல் அட்டையை வைத்துப் பொருத்தினாள்.

"எதுக்கு இவ்வளவு டேப்பு, ஸ்கேலு?" என்றார் லட்சுமம்மா. "அவர்மேல கோவம்தானே? ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஒரு குத்து குத்திட்டு வா."

"குத்தலாம். குத்திக் கிழிச்சா, கோவத்துல பண்ணதுன்னு சொல்லுவாங்க. அப்புறம் என்னை சமாதானம் பண்ணிட்டு காரை வித்துடுவாங்க. வட்டம் வட்டமா சுத்தமா இருந்தாத்தான் யோசிச்சுப் பண்ணதுன்னு தெரியும்."

"நோடு, பாரு, எனக்கு இது முன்னாடியே தெரியாமப் போச்சு" என்றார் லட்சுமம்மா, டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு.

ரெக்ஸினை டிரில்லால் துளைக்கக்கூடாது. டிரில் அதன் அடித்துணியைப் பிடித்துச் சுருட்டிக்கொள்ளும். சுருட்டினால் ஒரு இழுப்பில் அரை முழம் கிழிந்துவிடும். ரெக்ஸினை வட்டமாக வெட்டி எடுத்துவிட வேண்டும். டிரில் அதற்கு அடியிலுள்ள பிளாஸ்டிக்குக்கு மட்டும்தான். பை வேலையில் ரிவெட்டுக்கு ஓட்டை போடுகிற வாய் வட்டமான பஞ்ச் உளியை எடுத்தாள். சுத்தியலால் தட்டவில்லை, அடியில் ஸ்பாஞ்ச் இருப்பதால் தட்டினால் அமுங்கி வட்டம் கோணிவிடும். இடது உள்ளங்கையால் அழுத்தி, திருகித் திருகி இறக்கினாள். அதன் கூர்வாய் ரெக்ஸினைத் தாண்டி ஸ்பாஞ்சையும் தாண்டி பிளாஸ்டிக்கில் போய்க் கிறீச்சென்றது. ஊசியால் நெம்ப, ஒரு ரூபாய்க்காசைவிடச் சின்னதாக ஒரு பழுப்பு வட்டம் எழுந்து வந்தது. வெட்டிய ஓரத்தில் தீக்குச்சி முனையால் பசையைத் தொட்டு வைத்தாள்.

பிறகு டிரில். இடது கையால் மிஷினைப் பிடித்து விசையை அழுத்தினாள். வலது கையைத் தூக்கி மிஷினின் முதுகில் வைத்தாள். பிடிக்கத் தெரிந்த கைதானே, பிடித்துக்கொண்டது. முதலில் மெல்லிய முனை, அப்புறம் அதைவிடப் பெரியது, கடைசியில் சுவிட்ச் அளவு. அவசரமில்லாமல், மிஷினை நிறுத்தி நிறுத்திப் போட்டாள். பிளாஸ்டிக் சுருள் சுருளாக வந்தது. துளை விழுந்ததும் இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மிஷினிலிருந்து எடுத்துவிட்டாள்.

துளை அழகாக இருந்தது. ஓரம் கத்தரித்த மாதிரி. அவள் ரேடியோ பொந்து வழியாகப் பின்னால் டார்ச் அடித்தாள்.

துளை தெரியவில்லை. குழாய்தான் தெரிந்தது.

முன்பக்கமிருந்து துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். உள்ளே கறுப்பாக, வளைவாக, குழாயின் உட்புறம் தெரிந்தது. காற்றுக் குழாய்க்குள் நேராக ஓட்டை போட்டிருந்தாள்.

டேப்பின்மேல் இருந்த அட்டையைப் பார்த்தாள். 'மேல்' என்று எழுதிய பக்கம் கீழே இருந்தது.

அது எப்படி நடந்தது என்று யோசிக்க அவளுக்கு நேரம் தேவைப்படவில்லை. ரெக்ஸினில் யாரும் முகத்தில் குறி போடமாட்டார்கள். பேனாக் கறை போகாது. துணியிருக்கிற பின்பக்கத்தில்தான் போடுவார்கள். அதனால் பேட்டர்னை எப்போதும் கவிழ்த்து வைப்பார்கள். கட்டிங் டேபிளில் முதல் நாள் சூப்பர்வைசர் திட்டிக் கற்றுக்கொடுப்பது அதுதான். அவள் கவிழ்த்து வைத்திருக்கிறாள். டேஷ்போர்டுக்கு முகம் மட்டும்தான் உண்டு என்பது கைக்குத் தெரியவில்லை. அட்டை கவிழ்ந்ததில் முனை மாறி, வெறுமையாக விட்ட நாலு விரல் ஸ்டியரிங் பக்கம் போய்விட்டது; வட்டங்கள் ரேடியோ பக்கம் வந்துவிட்டன.

கண்ணில் நீர் வந்தது. துளைக்காக இல்லை. சாயங்காலம் உத்தமன் சொல்லப் போகிற ஒரு வாக்கியம் முன்கூட்டியே காதில் விழுந்துவிட்டது. 'பாத்தியா, அதுக்குத்தான் சொன்னேன்.'

லட்சுமம்மா எட்டிப் பார்த்தார். "என் பேத்தியோட பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் இருக்கு. தரட்டா? ஒட்டினா தெரியாது."

"வேண்டாங்கம்மா."

"கணபதி ஸ்டிக்கர் இருக்கு. கணபதி ஒட்டினா யாரும் கேக்கமாட்டாங்க."

"நான் போட்ட ஓட்டைக்குக் கணபதி எதுக்குங்க ஜவாப்பு சொல்லணும்?"

உள்ளே போய், பை வேலைக்கு வைத்திருந்த பித்தளை ஐலெட் வளையங்களில் அளவானதைத் தேடி எடுத்துவந்தாள். ஓரத்தில் பசை தொட்டு, தவறான துளையில் வைத்து அழுத்தினாள். துளையைச் சுற்றி மஞ்சளாக ஒரு வளையம் பளபளத்தது. தப்பை மறைக்கக்கூடாது என்பதல்ல அவள் எண்ணம். தப்பாகவே இருந்தாலும் பிசிறு தெரியக்கூடாது, அவ்வளவுதான்.

பிறகு அட்டையைத் திருப்பி வைத்தாள். 'மேல்' மேலே இருக்கிறதா என்று பார்த்தாள். சந்தேகமாக இருந்ததால் லட்சுமம்மாவை வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். அவருக்குத் தமிழ் படிக்க வராது. "என்னமோ எழுதிருக்கு, அது தெரியுது" என்றார். அது போதும். மற்ற மூன்று துளைகளும் வரிசையாக, சரியான இடத்தில் விழுந்தன.

மத்தியானம் மஞ்சுநாத் வந்தபோது காகித டேப் உரிந்து, ரெக்ஸின் துடைத்துச் சுத்தமாக இருந்தது. அவன் ஒவ்வொரு துளையிலும் சுண்டுவிரலை விட்டுச் சுற்றிப் பார்த்தான். "இப்ப சரி. இது இருக்கற ஓட்டை" என்று சொல்லிவிட்டு டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தான். முடித்துவிட்டு பேட்டரியை மாட்டி, வண்டியை ஸ்டார்ட் செய்து, ஏசி பேனைப் போட்டான். சட்டென்று முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"மேடம், இங்கேர்ந்து காத்து அடிக்குது."

"அடிக்கட்டும்."

"இது எதுக்கு போட்டீங்க?"

"அது தப்பு."

"தப்புக்கு ரிங் போட்டிருக்கீங்க?"

"ஆமா. உன் கடைக்கு வர்ற கார்ல எல்லாம் தப்புக்கு ஸ்டிக்கர்தானே ஒட்டியிருக்கும்?"

அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சாயங்காலம் சார் வருவதற்குள் கிளம்பிவிடுகிறேன் என்று அவசரமாகப் போய்விட்டான்.

உத்தமன் வந்ததும் வழக்கம்போல் டவல் சரியாக இருக்கிறதா என்று காருக்குள் எட்டிப் பார்த்தார். டவல் மடித்துப் பின்சீட்டில் இருந்தது. அவர் கதவைத் திறந்து உட்கார்ந்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வேதநாயகி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"யார் போட்டது?"

"நான்தான்."

"நாளைக்கு ஆளு வருது, வேதா."

"தெரியும்ங்க."

"தெரிஞ்சே போட்டியா?"

"தெரிஞ்சதாலதான் இன்னைக்கே போட்டேன்."

அவர் பித்தளை வளையத்தின்மேல் விரலை வைத்தார். "இதுல சுவிட்ச் இல்லையே."

"அது இடம் மாறிப் போட்டது."

"பாத்தியா" என்று தொடங்கினார். அவள் முகத்தைப் பார்த்து மீதியை விழுங்கினார். குனிந்து, காரின் தரையில் கிடந்த நாலு பழுப்பு வட்டங்களையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். கைக்குட்டையில் வைத்து மடித்தார்.

"அது எதுக்கு?"

"விக்கும்போது திருப்பி ஒட்டிக்கலாம்."

"வெச்சுக்கோங்க. உங்க ஸ்கூட்டர் சீட்டு கிழிஞ்சா ஆகும்."

அன்றைக்கு அதற்குமேல் பேச்சு ஓடவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் வேதநாயகி நிம்மதியாக இருந்தாள். உத்தமன் முகம் தொங்கிப்போயிருந்தது. ஓட்டை விழுந்த காரை எவன் வாங்குவான் என்று அவரே முணுமுணுத்தார். நாளைக்கு வருகிறவன் பார்ப்பான், உதட்டைப் பிதுக்குவான், போய்விடுவான். தான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை வந்தவன் பெயர் ஹரிஷ்குமார். சேலத்துப் பையன், ஏதோ சாப்ட்வேர் கம்பெனி. புதுக் கார் வாங்குவதற்கு முன்னால் ஓட்டிப் பழக ஒரு பழைய கார் வேண்டும் என்றான். பானெட்டைத் திறந்து பார்த்தான். டயரைக் காலால் தட்டினான். உள்ளே உட்கார்ந்து டேஷ்போர்டைப் பார்த்தான். இண்டிகேட்டர் சுவிட்சைத் தள்ளினான். டிக், டிக் என்றது.

"செமையா இருக்கே அங்கிள். தனியா செஞ்சதா?"

உத்தமன் தொண்டையைச் செருமினார். "அது வந்து, ஒரு சின்ன வேலை…"

"பரவால்ல அங்கிள். வேணாம்னா ரெக்ஸினை உரிச்சுட்டு வேற போட்டுக்கலாம். எப்படியும் இடிச்சுப் பழகத்தான் போறேன்." பேனைப் போட்டான். பித்தளை வளையத்திலிருந்து வந்த காற்று அவன் கன்னத்தில் பட்டது. "அட, இது எக்ஸ்ட்ரா ஏசியா? எனக்கு ஓகே அங்கிள். எடுத்துக்கறேன்."

உத்தமனின் முகத்தில் நேற்றிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது அப்படியே மேலே ஏறியது. "பாத்தியா வேதா" என்றார், இந்த முறை சந்தோஷமாக.

வேதநாயகி தன் நாலு துளைகளையும் பார்த்தாள். அவற்றின்மேல்தான் பாரத்தை இறக்கி வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் உறைத்தது. தன் வாய் சொல்ல வேண்டியதை ஒரு ரெக்ஸின் சொல்லிவிடும் என்று நம்பியிருந்தாள். ரெக்ஸின் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பையனுக்கு அது வெறும் சுவிட்ச்.

"தம்பி" என்றாள். "கார் விக்கறதுக்கு இல்ல."

ஹரிஷ்குமார் உத்தமனைப் பார்த்தான்.

"அவரைப் பாக்காதீங்க. கார் என்னுது. நான் ஓட்டறதுக்குத்தான் அந்த சுவிட்செல்லாம் போட்டிருக்கு. உங்களை அலைய விட்டது தப்புதான். காபி சாப்பிட்டுட்டுப் போங்க."

"வேதா, நான் வாக்கு குடுத்திருக்கேன்" என்றார் உத்தமன் தாழ்ந்த குரலில்.

"உங்க வாக்குக்கு உங்க ஸ்கூட்டரைக் குடுங்க."

"என்ன பேச்சு இது, வெளி ஆளை வெச்சுக்கிட்டு?"

"வெளி ஆளை வெச்சுக்கிட்டுத்தானே என் காருக்கு விலை பேசினீங்க." அவள் குரல் உயரவில்லை. "அன்னைக்கு அடுகோடியில வண்டி ஓட்டினது யாரு?"

உத்தமனின் பார்வை காரைவிட்டு ஸ்கூட்டருக்குப் போயிற்று.

"நீங்க ஓட்டினீங்க. நான் பின்னாடி உக்காந்திருந்தேன். பள்ளத்துல விட்டது நீங்க, கை போனது எனக்கு. அதுக்கு ஒரு நாளாவது உங்களை ஏதாவது கேட்டேனா? நீங்க இன்னும் அதே ஸ்கூட்டர்ல டூட்டிக்குப் போறீங்க. உங்களை யாரும் நிறுத்தல. விக்கறதுக்கு உங்க கண்ணுக்கு என் கார்தான் தெரியுதா?"

ஹரிஷ்குமார் மெதுவாகக் காரைவிட்டு இறங்கினான். "ஆன்ட்டி, நான் அப்புறம் பேசறேன்" என்று யாரிடமென்று தெரியாமல் சொல்லிவிட்டுத் தெருமுனையை நோக்கி நடந்தான். மாடியில் லட்சுமம்மா, எப்போதோ காய்ந்துவிட்ட துணியை மறுபடி உதறிக் காயப்போட்டார்.

உத்தமன் பானெட்டின்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"எனக்குப் பயமா இருக்கு வேதா" என்றார். "அன்னைக்கு வண்டி ஆடுச்சு, நின்னுச்சு. விழலைன்னு நெனச்சு, நல்லவேளைன்னு சொல்லி பின்னாடி திரும்பினேன். சீட்டுல நீ இல்ல. இப்பவும் அதுதான் வருது கண்ணுல."

இதை அவர் இதுவரை சொன்னதில்லை. வேதநாயகிக்கு அதைக் கேட்டு மனம் இளகாமல் இல்லை. இளகினாலும் தான் சொன்னதிலிருந்து நகரவில்லை.

"உங்க பயத்தை நீங்க வெச்சுக்கோங்க. காரை நான் வெச்சுக்கறேன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இனிமே பின்னாடி திரும்பிப் பாக்க வேண்டியதில்ல. என் பக்கத்துல உக்காந்து பாருங்க" என்றாள்.

திங்கட்கிழமை லட்சுமம்மாவுடைய தம்பியின் காலி சைட்டில், சுற்றுச்சுவருக்குள் வேதநாயகி ஓட்டிப் பார்த்தாள். உத்தமன் பக்கத்தில் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் திருப்பத்தில் பழக்கத்தில் மனம் வலது பக்கக் குச்சிக்குப் போயிற்று. ரெண்டாவது திருப்பத்திலும் போயிற்று. அப்புறம் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை காரை ஆர்.டி.ஓ. மைதானம் வரை மஞ்சுநாத்தான் ஓட்டிவந்தான். ரோட்டில் நானே ஓட்டுவேன் என்று அவள் பிடிவாதம் பிடிக்கவில்லை. வழியில் யாராவது நிறுத்தி ஏதாவது கேட்டால் அதுவும் ஒரு காரணமாகிவிடும். காரணம் என்று ஒன்றையும் யார் கையிலும் கொடுப்பதாக இல்லை. உத்தமன் லீவு போட்டுக்கொண்டு கூட வந்தார். மைதானத்து ஓரத்தில் ஒரு மரத்தடியில் நின்றுகொண்டார். சட்டைப்பையில் கைக்குட்டை உப்பியிருந்தது. அந்த வட்டங்களை அவர் இன்னும் தூக்கிப்போடவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

இன்ஸ்பெக்டர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஹாரனை அழுத்தச் சொன்னார். லைட்டை ஏற்றி இறக்கச் சொன்னார். இண்டிகேட்டர் சுவிட்சைத் தானே ஒருமுறை பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது ஆடவில்லை. வெயில் ஏறியிருந்ததால் வேதநாயகி பேனைப் போட்டாள்.

"இது என்னம்மா?" பித்தளை வளையத்தைக் காட்டினார். "இதுக்கு சுவிட்ச் எங்கே?"

"அதுக்கு சுவிட்ச் இல்ல சார். அது நான் தப்பா போட்ட ஓட்டை."

"தப்பா போட்டதை மூடலையா?"

"மத்தது மூணும் நான்தான் போட்டேன் சார். இதையும் நான்தான் போட்டேன். இதை மட்டும் எதுக்கு மூடணும்?"

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார். பிறகு மரத்தடியில் நிற்கிறவரைப் பார்த்தார். வளையத்துக்கு நேரே உள்ளங்கையைக் காட்டிக் காற்றைப் பார்த்தார்.

"நல்லாத்தான் வருது" என்றார். "சரி, எடுங்க. அந்தக் கல்லுகிட்ட வலது பக்கம் திருப்புங்க."

வேதநாயகி கியரைப் போட்டாள். வலது கை குமிழைப் பிடித்திருந்தது, விடுவதாக இல்லை. இடது கையால் சுவிட்சைத் தள்ளினாள். டிக், டிக் என்று ரெக்ஸினுக்கு உள்ளிருந்து சத்தம் வந்தது. வளையத்திலிருந்து வந்த குளிர்ந்த காற்று இடது மணிக்கட்டில் பட, அவள் வலது பக்கம் திருப்பினாள்.